கடற்கரை ஊரில் குடில் சுற்று: நாள் குறிப்பது முதல் பிரித்து வைப்பது வரை

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் குமரிக் கடற்கரையில் டிசம்பரில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்காத தெரு அபூர்வம். வீட்டுக்கு வீடு குடிலும், அதாவது இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தின் மாதிரியும், இருக்கும். ஆனால் தன் தெருக் குடிலைப் பார்த்தவர் அடுத்த தெருப் பக்கம் போவதில்லை. பத்து வீடு தள்ளி ஒரு பாட்டி பனையோலையில் ஒரு பெத்லகேமையே கட்டி வைத்திருப்பார். ஜனவரியில் பிரித்துப் பரணில் போட்ட பிறகுதான் பேச்சு வாக்கில் தெரியவரும். ஒரே ஒரு மாலை, எட்டு வீடுகள், ஊர்க்காரரும் வெளியூர் உறவுகளும் சின்னக் கூட்டங்களாக நடந்து போய்ப் பார்க்கிற ஏற்பாட்டைத்தான் குடில் சுற்று என்கிறேன்.

குடில் போட்டி பல பங்குகளில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்களில், உண்டு. நடுவர்கள் தாளும் பேனாவுமாக வருவார்கள், மதிப்பெண் போடுவார்கள், பரிசு அறிவிப்பார்கள், அப்புறம் இரண்டு தெருக்காரர்கள் ஈஸ்டர் வரை பேசிக்கொள்ள மாட்டார்கள். போட்டி வேண்டும் என்றால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சுற்றோடு கலக்காதீர்கள். வீட்டைத் திறந்து விடுகிறவர்கள் அன்று விருந்தாளியை வரவேற்க வேண்டும், பரீட்சை எழுதக் கூடாது. கீழே சொல்லும் எல்லா ஏற்பாடுகளுக்கும் அடிப்படை இதுதான்: பார்க்க வருகிறவரின் வசதி இரண்டாவது, வீட்டுக்காரர் அலுத்துப்போகாமல் இருப்பது முதலாவது.

நாள் குறிப்பது

டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா. அதுவரை யாரையும் பிடித்து உட்காரவைத்துப் பேச முடியாது. அதற்குப் பிறகு முதல் கூட்டம் போடுங்கள். மூன்று வாரம் தாராளமாகப் போதும்.

24 ஆம் தேதி மாலை கேட்கவே வேண்டாம். இரவு 12 மணிப் பூசைக்கு முன் அடுப்படியில் முறுக்குச் சட்டி, வாசலில் தொங்கவிடாத நட்சத்திரம், தைத்து வராத சட்டை என்று ஒவ்வொரு வீடும் அல்லாடிக்கொண்டிருக்கும். அதோடு, பல வீடுகளில் நள்ளிரவு வரை முன்னணை, அதாவது குழந்தை இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டி, காலியாகத்தான் இருக்கும். பாலன் இயேசுவின் சுரூபத்தை (சிலையை) பூசை முடிந்து வந்துதான் வைப்பார்கள். 25 குடும்பத்துக்கான நாள்.

26 கூடவே கூடாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று இந்தக் கரையில் நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. இன்றைக்கும் அந்த நாளில் கல்லறைகளில் மெழுகுதிரி எரியும், நினைவுத் திருப்பலி நடக்கும். கிறிஸ்மஸுக்கு மறுநாள் அழுகை நாள் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது. உங்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டு "26 லீவு நாள்தானே, அன்றைக்கே வைக்கலாமே" என்று யாராவது கேட்பார்கள். அசையாதீர்கள்.

என் கணக்கில் மிகப் பொருத்தமான நாள் திருக்குடும்பத் திருவிழா. பொதுவாகக் கிறிஸ்மஸுக்கு அடுத்து வரும் ஞாயிறு அது. காலையில் குடும்பங்களுக்கான பூசை, மாலையில் வீடுகளுக்கான சுற்று. ஞாயிறு என்பதால் பெரும்பாலான கத்தோலிக்க மீனவ ஊர்களில் தொழிலுக்குப் போக மாட்டார்கள். ஆழ்கடலுக்குப் போகிறவர்களும் கிறிஸ்மஸையொட்டிக் கரையேறியிருப்பார்கள். பள்ளிகளும் விடுமுறையில் இருக்கும். 2026இல் அந்த ஞாயிறு டிசம்பர் 27, பிரச்சினை இல்லை. 2027இல் அது 26 ஆம் தேதியிலேயே விழுகிறது. அப்படிப்பட்ட ஆண்டில் சுற்றை 28க்கோ 29க்கோ தள்ளுங்கள். மழைக்கு என்று ஒரு மாற்று நாளும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியிலும் எட்டிப் பார்க்கும்.

2017இல் நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பாமல் போன பிறகு, அந்த வருடக் கிறிஸ்மஸ் இந்தக் கரையில் எப்படிப் போனது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஊரில் அப்படி ஒரு இழப்பு நடந்தால் சுற்றை ரத்து செய்வதற்குக் கூட்டம் போட வேண்டாம். நிறுத்திவிடுங்கள்.

யாரிடம் பேசுவது

முதலில் பங்குத்தந்தை, அப்புறம் பங்குப் பேரவை அல்லது ஊர்க் கமிட்டி. பூசை முடிந்ததும் வாசிக்கிற அறிவிப்பில் இரண்டு வரி வந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. வேலையைப் பகிர்ந்துகொள்ள அன்பியங்கள், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள், இருக்கின்றன. ஓர் அன்பியத்துக்கு ஒரு வீடு என்று பொறுப்புக் கொடுத்தால் அந்தத் தெருக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் சட்டப்படி கூடாது. என்னைக் கேட்டால் ஒலிபெருக்கியே வேண்டாம்.

வீடுகளைத் தேர்ந்தெடுப்பது

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். பெயர் கேட்டால் முதலில் கை தூக்குகிறவர்கள் வெளிநாட்டுப் பணத்தில் கிரானைட் போட்ட இரண்டு மாடி வீட்டுக்காரர்களாக இருப்பார்கள். அவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடியிலிருந்து தரை வரை சீரியல் பல்பு தொங்கும் வீட்டைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசைதான். ஆனால் எட்டு வீடும் அப்படியே இருந்தால், சுற்று முடிந்து வீடு திரும்புகிற பெண் தன் வீட்டுக் குடிலைப் பார்த்துக் கூச்சப்படுவாள். அந்த ஒரு கூச்சம் போதும், அடுத்த வருடம் பாதித் தெரு ஒதுங்கிக்கொள்ள.

எட்டில் இரண்டு பெரிய வீடு. சுனாமிக் குடியிருப்பில் ஒரு வீடாவது. வயதானவர் தனியாகக் கட்டிய குடில் ஒன்று. இளைஞர்கள் சேர்ந்து தெருமுனையிலோ குருசடி (சிலுவை வைத்த சிறு கோயில்) பக்கத்திலோ வைத்த பொதுக் குடில் ஒன்று. மீதி, உள்ளதைக் கொண்டு ஏதாவது புதிதாக யோசித்த வீடுகள். பெயர் கொடுக்கக் கூச்சப்படுகிறவர்களை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். "எங்க வீட்டுல என்ன இருக்கு மக்களே பாக்கதுக்கு" என்பார்கள். இரண்டு தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை வற்புறுத்தாதீர்கள்.

நட்சத்திரம் தொங்காத வீட்டைக் கவனியுங்கள். அந்த ஆண்டு அங்கே சாவு விழுந்திருக்கும். துக்க வீட்டில் கிறிஸ்மஸ் கொண்டாட மாட்டார்கள். வழித்தடம் அந்த வீட்டைக் கடந்து போனால் முன்னதாகப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த இடத்தில் பாட்டு, மேளம், சத்தம் எதுவும் வேண்டாம் என்று கூட்டத்தோடு போகிறவரிடமும் சொல்லி வையுங்கள். முடிந்தால் வேறு சந்து வழியாகத் திருப்புங்கள்.

வழித்தடத்தைப் பகலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை நடந்து பாருங்கள். கழிவுநீர் ஓடை மேல் போட்ட உடைந்த சிலாப் பகலில் கண்ணுக்குத் தெரியும், இரவில் காலுக்குத்தான் தெரியும். கடலோரமாக வழி வைக்காதீர்கள். தூண்டில் வளைவுப் பாறைகளை, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்களை, கண்டால் பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள். பாசி பிடித்த பாறை, இருட்டு, அலை மூன்றும் சேர்ந்தால் பொறுப்பு உங்கள் தலையில். மணலில் நடக்க முடியாத முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் தார் ரோட்டை ஒட்டிய மூன்று வீடுகளைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள்.

குடிலும் அலங்காரமும்

கி.பி. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் வைத்தபோது வைக்கோலும், ஒரு மாடும், ஒரு கழுதையும்தான் இருந்தன. தெர்மாகோல் இல்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்லுங்கள். கடையில் வாங்கிய ரெடிமேட் குடில் எட்டு வீட்டிலும் எட்டு தடவை வந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கடற்கரை ஊருக்கு என்று இருக்கிற பொருட்களைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

நான் பார்த்ததிலேயே மனதில் நிற்பது ஒரு திண்ணைக் குடில். பழைய வள்ளத்தின் உடைந்த முனைப் பகுதியை நிமிர்த்தி நிறுத்தி, அதையே கூரையாக்கியிருந்தார்கள். பலகையில் வெயில் தின்ற நீலச் சாயம் அப்படியே இருந்தது. உள்ளே முன்னணைக்குப் பதில் மீன் சுமக்கிற பனையோலைக் கடவம், அதில் வைக்கோல், வைக்கோல் மேல் பாலன். இடையர்கள் நிற்கிற இடத்தில் மடித்துக் கட்டிய கைலியோடு களிமண் மனிதர்கள் இரண்டு பேர், ஒருவர் தோளில் துடுப்பு. ஆட்டுக்குட்டியும் இருந்தது, விட்டுவிடவில்லை. கூரை ஓரத்தில் தோரணம் மாதிரி வலையின் மிதப்புகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். செலவு என்று பார்த்தால் களிமண்ணும் ஒரு சின்ன பல்பும்தான்.

இப்படி யோசிக்க ஆரம்பித்தால் வழி நிறைய இருக்கிறது. கரைமடி வலையைக் கடலாக விரிக்கலாம். சிப்பியிலும் சோழியிலும் பாதை போடலாம். மலைக்கு, பழைய சாக்கைச் சிமெண்டுப் பாலில் முக்கி விரும்பிய வடிவில் மடித்துக் காயவைத்தால் பாறை போலவே நிற்கும். இரண்டு நாள் முன்னதாகச் செய்ய வேண்டும். வயல்வெளிக்குப் பச்சைத்தாள் ஒட்டுவதைவிட, டிசம்பர் 14, 15 வாக்கில் ஒரு தட்டில் மணல் பரப்பிக் கேழ்வரகோ நெல்லோ விதைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் கிறிஸ்மஸுக்குள் பசுமையாக எழும்பி நிற்கும். சீக்கிரம் விதைத்தால் சுற்று நாளில் சாய்ந்து மஞ்சளித்துவிடும். பாசிப்பயறுக்கு ஐந்தாறு நாளே போதும்.

காற்றை மறக்க வேண்டாம். கடலைப் பார்த்த வாசலில் வைத்த குடில் ஓர் இரவு தாங்குவது கஷ்டம். ஓலைக் கூரையை ஆணியில் அறைவதைவிட நைலான் கயிற்றில் இறுக்கிக் கட்டுவது நல்லது. சுரூபங்களுக்கு அடியில் ஈர மணல் போட்டு அழுத்தி வையுங்கள். நட்சத்திரத்தை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் இரவெல்லாம் சுற்றி வயர் முறுக்கிக்கொள்ளும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கட்டு வேண்டும். மூங்கில் கீற்றில் வண்ணத்தாள் ஒட்டிய பழைய பாணி நட்சத்திரம் ஒன்றிரண்டாவது சுற்றில் இருக்கட்டும். ஒட்டத் தெரிந்த தாத்தா இருந்தால் டிசம்பர் முதல் வாரமே பிள்ளைகளை அவரிடம் அனுப்பிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: குடில் எங்கே இருக்க வேண்டும்? கூடியவரை திண்ணை, வராந்தா, முற்றம். வீட்டுக்குள் வைத்தால் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும், மணல் காலோடு உள்ளே நுழைய வேண்டும். கட்டில், பீரோ, படுத்திருக்கும் பாட்டி எல்லாம் ஊர்ப் பார்வைக்கு வந்துவிடும். எந்த வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நீங்களே முந்திக்கொண்டு "திண்ணையில வைங்க அக்கா, உள்ள யாரும் வரவேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். உள்ளேதான் வைக்க முடியும் என்றால் அடுக்களைப் பக்கம் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, வாசலில் இரண்டு சாக்கை விரித்து வையுங்கள்.

கரண்டு

உப்புக் காற்று படுகிற இடத்தில் வயர் இணைப்புகள் சீக்கிரம் களிம்பு பிடித்துக் கெடும். போன வருட சீரியல் செட்டைப் பரணிலிருந்து இறக்கியதும் நேராகச் சொருகாதீர்கள். முழு நீளத்தையும் விரலால் தடவிப் பார்த்து, தோல் உரிந்த இடம், பச்சை படிந்த செம்புக் கம்பி இருந்தால் தூக்கி எறியுங்கள். நூறு இருநூறு ரூபாயைப் பார்த்து ஈரத் தரையில் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

சுற்றில் சேருகிற வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவு துண்டிப்பான் இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்டு சுவரில் கசிந்தாலும் ஆளைத் தொட்டாலும் சட்டென்று துண்டித்துவிடும். அது இல்லாத வீட்டில் வெளி அலங்காரத்துக்கு பாட்டரியில் எரிகிற எல்.ஈ.டி. மட்டும் போதும். தெருக் கம்பத்திலிருந்து கொக்கி போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வெளியே வருகிற பிளக் தரையில் கிடக்கக் கூடாது, ஆணியில் தொங்கட்டும். காகித நட்சத்திரத்துக்குள் பழைய 60 வாட் குண்டு பல்பு போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தாளைக் கருக்கும். 9 வாட் எல்.ஈ.டி. போடச் சொல்லுங்கள்.

வைக்கோலும் நைலான் வலையும் உள்ள குடிலில் மெழுகுதிரி கூடாது. வலை எரிவதோடு உருகிச் சொட்டும். நம் ஊரில் கிறிஸ்மஸுக்கு வெடி போடுவதும் வழக்கம் என்பதால், சுற்று நடக்கிற நேரத்தில் மட்டும் அந்தத் தெருக்களில் வெடி வேண்டாம் என்று பூசை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு குடில் பக்கத்திலும் ஒரு வாளி மணல். கடற்கரையில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

நேரக் கணக்கு

டிசம்பர் கடைசியில் இங்கே ஆறு மணிக்குச் சற்றுப் பின்னால் சூரியன் இறங்கிவிடும். 6:30க்கு ஆரம்பித்தால் விளக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு குழுவுக்கு 15 பேர். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். ஒரு வீட்டில் ஏழு நிமிடம், அடுத்த வீட்டுக்கு நடக்க மூன்று நிமிடம். ஆகப் பத்து நிமிடத்துக்கு ஒரு குழு குருசடியிலிருந்து கிளம்பலாம், ஒன்றோடொன்று முட்டாது. 6:30க்கு முதல் குழு, 8:00 மணிக்குப் பத்தாவது, அதாவது கடைசிக் குழு. மொத்தம் 150 பேர். எட்டு வீட்டையும் பார்த்து முடிக்க ஒரு குழுவுக்கு ஒரு மணி இருபது நிமிடம்.

இதை வீட்டுக்காரர் பக்கம் நின்று பாருங்கள். முதல் வீட்டின் வேலை 6:30க்குத் தொடங்கி 8:10க்கு முடிந்துவிடும். எட்டாவது வீட்டுக்கு முதல் குழு வருவதே 7:40க்குத்தான். அங்கே 9:20க்கு முடியும். எந்த வீடானாலும் 100 நிமிடம்தான் திறந்திருக்க வேண்டும். "சாயங்காலம் முழுக்க ஆள் வரும்" என்று சொன்னால் தயங்குகிறவர்கள், "ஆறரையிலிருந்து எட்டு பத்து வரைக்கும்தான்" என்று சொன்னால் சம்மதிப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் வீட்டுக்காரர்கள் தங்கள் முறை முடிந்ததும் கடைசிக் குழுவோடு சேர்ந்து மற்ற குடில்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு என்று அந்தக் குழுவில் இடம் ஒதுக்கி வையுங்கள். கடைசி வீட்டுக்காரர்கள் அதே போல முதல் குழுவில் வந்து, 7:40க்குத் தங்கள் வாசலில் நிற்கலாம். நடு வீட்டுக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்காக மறுநாள் ஒரு தனி நடை வைத்தால் தப்பில்லை.

அன்று மாலை

ஒவ்வொரு குழுவோடும் ஊர் தெரிந்த ஒருவர், பத்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளையாக இருந்தாலும் போதும், டார்ச்சோடு போகட்டும். குடிலைப் பற்றிப் பேசுகிற வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். கட்டியவர்தான் பேச வேண்டும். மைக் இல்லாமல், அவருக்கு வருகிற மாதிரி. சில பேர் "இந்த ஓலை எங்க அப்பா முடைஞ்சது" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள், அதுவே போதும். ஒரு பாட்டு பாட வேண்டும் என்றால் குழு பாடட்டும். பாடகர் குழுவை வீட்டுக்கு வீடு நிறுத்தினால் நேரம் இழுத்துக்கொண்டே போகும்.

படம் எடுப்பதற்கு ஒரே விதி: குடிலை எடுக்கலாம், வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், வீட்டின் உட்புறத்தை எடுக்கக் கூடாது. குருசடியில் கிளம்பும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். வண்டிகளைக் கோயில் மைதானத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு பேரை அங்கே நிற்க வையுங்கள். பைக்கைச் சந்துக்குள் விட்டால் சுற்று அத்தோடு நின்றுவிடும். ஆட்டையும் கழுதையையும் உயிரோடு கொண்டுவந்து கட்டலாம் என்று ஆண்டுதோறும் யாராவது யோசனை சொல்வார்கள். பாவம், அவற்றை விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இடையர் வேஷம் போட்டாலே குடில் களைகட்டிவிடும்.

பலகாரம்

இதைக் கண்டிப்பாகப் பேசி முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் நம் வீடுகளில் நடப்பது தெரிந்ததே. வந்தவர் கை நனைக்காமல் போகக் கூடாது என்று ஒவ்வொரு வீடும் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கேக், காபி என்று இறங்கிவிடும். 150 பேருக்குக் காபி போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் குடில் பக்கத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. எட்டு வீட்டிலும் தின்றுவிட்டு வருகிறவருக்கும் வயிறு கேட்காது.

எனவே வீடுகளில் தண்ணீர் மட்டும். பலகாரம் முழுவதும் சுற்று முடிகிற இடத்தில், கோயில் முற்றத்தில் பொதுவாக. அன்பியத்துக்கு ஒரு வகை என்று பிரித்துவிட்டால் செலவும் பகிர்ந்துகொள்ளப்படும். முந்திரிக்கொத்தை இரண்டு நாள் முன்னாலேயே செய்து வைக்கலாம். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்ந்த உருண்டை தாங்கும். அப்படியும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு மாமி தட்டை நீட்டத்தான் செய்வார். வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லி அவரை நோகடிக்காதீர்கள்.

காசு

டிக்கெட் போடாதீர்கள். காசு வாங்கிவிட்டால் வந்தவர் "இவ்வளவுதானா" என்று கேட்கும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். பலகாரம் வைக்கிற இடத்தில் ஓர் உண்டியல் போதும். அந்தப் பணம் எதற்கு என்று உண்டியல் மேலேயே எழுதுங்கள்: கடலில் ஆளை இழந்த குடும்பத்துப் பிள்ளையின் படிப்பு, டயாலிசிஸ் செய்துகொள்கிறவரின் போக்குவரத்து என்று ஊருக்குத் தெரிந்த ஒரே ஒரு காரியம்.

பிரித்து வைப்பது

மறுநாள் காலை இளைஞர்கள் வழித்தடத்தில் ஒரு நடை போய்க் காகிதக் கோப்பை, பொரிப் பொட்டலம் எல்லாம் பொறுக்கிவிட வேண்டும். விட்டால் காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோகும், அப்புறம் அது வலையில் ஏறி வரும்.

குடிலை உடனே பிரிக்க வேண்டாம். மூன்று ராஜாக்கள் திருநாள் வரை, சில வீடுகளில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை, இருக்கட்டும். ராஜாக்கள் சுரூபங்களைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னணையை நோக்கி நகர்த்தும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பிரிக்கும்போது சுரூபங்களை ஈரத் துணியால் துடைத்து உப்பை எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டிக்கொள்ளும். சீரியல் செட்டை ஒரு அட்டைத் துண்டில் சுற்றி வைத்தால் அடுத்த டிசம்பரில் சிக்கு எடுக்கிற வேலை இல்லை. முளைப்பயிரை ஆட்டுக்குப் போடலாம்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறுக்குள் உண்டியல் கணக்கைப் பூசை அறிவிப்பில் வாசித்து, கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். எட்டு வீட்டுக்காரர்களின் பெயரும் அதே தாளில் இருக்கட்டும், அகர வரிசையில்.